எம்டனின் நான்காவது புகைபோக்கி

தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் 'எம்டன்' என்றொரு சொல் உண்டு. எளிதில் பிடிகொடுக்காதவன், காரியத்தில் கண்ணானவன், வீட்டாரை நடுங்க வைக்கும் தகப்பன் என்று இடத்துக்குத் தக்கவாறு அதன் பொருள் விரியும். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்து, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளை எரியவிட்ட ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது என்பதை நம் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அக்கப்பலின் வெற்றிக்கும் முடிவுக்கும் பீரங்கிகளைப் போலவே கம்பியில்லாத் தந்தியும் காரணமாயிற்று என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அந்தக் கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையின் மூர் மார்க்கெட் வளாக நிலையத்திலிருந்து புறப்படும் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில், எம்டன் குண்டு வீசிய அதே கடற்கரைக்கு ஏறத்தாழ இணையாக வடக்கு நோக்கிச் செல்கிறது. திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று அது கடக்கும் ஊர்களில் பெரும்பாலானவை இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் இருக்கிறது. உருக்காலைகளிலும் வாகன உறுப்புத் தொழிற்சாலைகளிலும் வேதிப்பொருள் ஆலைகளிலும் பணிபுரியும் பொறியாளர்களும் கணக்கர்களும் கொள்முதல் அலுவலர்களும் நாள்தோறும் இத்தடத்தில் பயணம் செய்கிறார்கள். அவர்களில் பலர் தோளில் மாட்டியிருக்கும் பையில் நிறுவனம் கொடுத்த மடிக்கணினி இருக்கிறது. அதற்குள் அச்சு வார்ப்புகளின் வரைபடங்கள், ஒப்பந்தப்புள்ளி விலைகள், சம்பளப் பட்டியல்கள், வங்கிக் கணக்குகளின் நுழைவு விவரங்கள் எல்லாம் இருக்கின்றன. ரயில் நிலையத்திலோ தேநீர் விடுதியிலோ தங்கும் விடுதியிலோ இலவசமாகக் கிடைக்கும் கம்பியில்லா இணைப்பில், அதாவது வைஃபையில், அந்தக் கணினியைப் பொருத்தி வேலையைத் தொடர்வது மிகச் சாதாரணமான செயலாகிவிட்டது.

இச்செயலில் அடங்கியிருக்கும் ஆபத்தைப் பற்றி எச்சரிக்கைகள் நிறையவே வந்திருக்கின்றன. அவற்றுள் சில காலங்கடந்தவை, சில மிகைப்படுத்தப்பட்டவை. எது உண்மையான ஆபத்து, எது பழைய அச்சம் என்று பிரித்தறிய வேண்டுமானால், கம்பியில்லாச் செய்தியின் வரலாற்றைச் சிறிதேனும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

காற்றில் விட்ட சொல்

கம்பியில் செல்லும் செய்திக்கு ஒரு பாதை உண்டு. அதைக் களவாட நினைப்பவன் அந்தப் பாதைக்குச் சென்று கம்பியைத் தொட வேண்டும். கம்பியில்லாச் செய்திக்குத் திசையும் இல்லை, வேலியும் இல்லை. கருவி வைத்திருக்கும் எவரும் கேட்கலாம். இந்த ஒரே பண்புதான் வானொலியை ஈன்றது. 1924ஆம் ஆண்டு சென்னை மாகாண வானொலிக் கழகம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, யாரும் கேட்கலாம் என்பதே அதன் பெருமையாக இருந்தது. ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டிய செய்தி என்று வரும்போது அதே பெருமை குறையாக மாறிவிடுகிறது.

இக்குறையை உலகம் முதன்முதலில் கண்கூடாகக் கண்டது 1903ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். மார்க்கோனி தம் கம்பியில்லாத் தந்தியைப் பிறர் ஒட்டுக்கேட்க முடியாது, அலைவரிசையைத் துல்லியமாக இசைத்துக்கொண்டால் போதும் என்று கூறிவந்த காலம் அது. இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் அரங்கில் அறிவியலாளர் ஃபிளெமிங் அதைச் செய்துகாட்ட ஏற்பாடாகியிருந்தது. கார்ன்வால் மாவட்டத்துப் போல்டு நிலையத்திலிருந்து மார்க்கோனியின் செய்தி வருவதற்கு முன்பே கருவி தந்திக் குறிகளைத் தட்டத் தொடங்கிவிட்டது. வந்தவை எலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், இத்தாலியர் ஒருவரை ஏளனம் செய்யும் பாட்டும். அனுப்பியவர் நெவில் மாஸ்கலைன் என்னும் மாயவித்தைக்காரர். ஃபிளெமிங் சினமுற்றுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுத, மாஸ்கலைன் தாமே செய்ததாக அதே பத்திரிகையில் ஒப்புக்கொண்டார். பாதுகாப்பானது என்று விற்கப்படும் ஒரு பொருளின் உண்மை நிலையைப் பொதுமக்களுக்குக் காட்டவே அப்படிச் செய்ததாக அவர் வாதிட்டார். கம்பியில்லா வலையை ஒருவர் வெளிப்படையாகக் குலைத்துக் காட்டிய முதல் நிகழ்ச்சிகளுள் இது வைத்து எண்ணப்படுகிறது.

பதினோரு ஆண்டுகள் கழித்துப் போர் வந்தது. 1914 ஆகஸ்டில் ருஷ்யப் படைத்தலைவர்கள் தம் ஆணைகளில் சிலவற்றை மறைகுறி ஏதுமின்றி வெளிப்படையாகவே காற்றில் அனுப்பினார்கள். எதிரில் நின்ற ஜெர்மானியர் அவற்றைக் கேட்டார்கள். டானன்பர்க் போரில் ருஷ்யாவின் இரண்டாம் படை அழிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கடுத்த மாதம் எம்டன் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது.

கப்பல் கற்பித்த பாடங்கள்

எம்டனின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் கையாண்ட உத்தி எளியது. தம் கப்பலின் கம்பியில்லாக் கருவியைப் பேசவிடாமல் கேட்க மட்டும் வைத்தார். பிரித்தானியக் கப்பல்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதையும், குறிகள் வலுப்பதையும் மெலிவதையும் வைத்து, யார் அருகில் இருக்கிறார், யார் விலகிப் போகிறார் என்று கணித்தார். தான் மௌனமாக இருந்து பிறர் பேச்சைக் கேட்பவன் எவ்வளவு வலிமை பெறுகிறான் என்பதற்கு அந்த சில வாரங்களே சான்று.

இரண்டாவது உத்தி வேடம். எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. அக்கடலில் தேடித் திரிந்த பிரித்தானியப் போர்க்கப்பல் யார்மவுத்துக்கு நான்கு. எனவே கித்தான் துணியாலும் மரச்சட்டத்தாலும் ஒரு பொய்ப் புகைபோக்கியைச் செய்து, வேண்டும்போது அதை நான்காவதாக நிறுத்திக்கொண்டார்கள். 1914 அக்டோபர் 28ஆம் நாள் விடியற்காலையில், நான்கு புகைபோக்கிகளுடன் நட்புக் கப்பலைப் போல எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்தது. அங்கே நங்கூரமிட்டிருந்த செம்சுக் என்னும் ருஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதில் 80 பேருக்கு மேல் மாண்டனர். வெளியேறும் வழியில் பிரெஞ்சு நாசகாரிக் கப்பல் ஒன்றையும் மூழ்கடித்துவிட்டுச் சென்றது. துறைமுகத்தில் இருந்தவர்கள் எண்ணிப் பார்த்தது புகைபோக்கிகளின் தொகையை மட்டுமே. கப்பல் உண்மையில் யாருடையது என்று உறுதிசெய்துகொள்ளும் முறை எதுவும் உரிய நேரத்தில் செயற்படவில்லை.

மூன்றாவது பாடம் எம்டனின் முடிவில் இருக்கிறது. நவம்பர் 9ஆம் நாள் அது கோகோஸ் தீவுக்கூட்டத்தின் தந்தி நிலையத்தை அழிக்க வந்தது. நிலையத்து ஊழியர்கள் உற்றுப் பார்த்தார்கள். நான்காவது புகைபோக்கி பொய் என்று கண்டுகொண்டார்கள். அந்நியக் கப்பல் ஒன்று வாயிலில் நிற்கிறது என்று உடனே காற்றில் செய்தி விடுத்தார்கள். எம்டன் தன் கருவியால் இரைச்சல் எழுப்பி அதைக் கெடுக்க முயன்றும் செய்தி போய்ச் சேர்ந்தது. பதில் குறிகளின் வலுவைக் கொண்டு, உதவி வெகு தொலைவில் இருப்பதாக முல்லர் கணித்தார். அவர் நம்பிய கணக்கு அந்த ஒரு நாள் பொய்த்தது. ஆஸ்திரேலியப் படைவீரர்களை ஏற்றிச்சென்ற கப்பல் தொகுதிக்குக் காவலாக வந்த சிட்னி என்னும் போர்க்கப்பல் ஏறத்தாழ 50 கடல் மைல் தொலைவில்தான் இருந்தது. அன்றே எம்டன் சிதைந்து கரைதட்டியது. அதன் மாலுமிகளில் 130 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

மௌனமாகக் கேட்பது, பிறர் வேடம் புனைவது, வேடத்தைக் கண்டவர் தாமதமின்றி அறிவிப்பது ஆகிய இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால், இன்றைய பொது வைஃபையின் ஆபத்துகளும் அவற்றுக்கான காப்புகளும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

குழூஉக்குறியும் துண்டும்

நால்வர் கூடுமிடத்தில் இருவர் மட்டும் அறியப் பேசுவது எப்படி என்பது தமிழுக்குப் புதிய சிக்கலன்று. நன்னூலார் வழக்குகளை வகைப்படுத்துகையில் குழூஉக்குறி என்று ஒன்றைச் சொல்கிறார். ஒரு தொழிற்குழுவினர் தமக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளின் பெயரை மாற்றி வழங்குவது அது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டுகள். நம் வகுப்பறைகளில் இன்றும் இவையே சொல்லப்படுகின்றன. சொல்லப்படுகின்றன என்பதிலேயே இம்முறையின் குறையும் இருக்கிறது. எந்த நாளில் உரைகாரர் 'பறி'யை ஏட்டில் எழுதினாரோ அந்த நாளிலேயே அது மறைபொருளாக இருப்பது நின்றுபோயிற்று. பொற்கொல்லரின் இரகசியம் மாணவர்களின் தேர்வு வினாவாகிவிட்டது.

மாட்டுச் சந்தைத் தரகர்கள் கண்ட வழி இதனினும் நுட்பமானது. பொள்ளாச்சி போன்ற சந்தைகளில், நூறு பேர் சூழ்ந்து நிற்க, தரகரும் வாங்க வந்தவரும் தம் கைகளின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு விரல்களைப் பற்றி விலை பேசுவார்கள். எந்த விரலுக்கு என்ன தொகை என்பது சந்தைக்கு வருகிற பலருக்கும் தெரியும். அது தெரிந்தும் பேரம் வெளியே போவதில்லை, துண்டு மறைத்துவிடுகிறது. முறை எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம், திறவுகோல் மட்டும் மறைவாக இருந்தால் போதும் என்று மறையீட்டியலில் ஓர் அடிப்படை விதி உண்டு. 1883இல் கெர்க்ஹோஃப்ஸ் என்னும் அறிஞர் அதை எழுதிவைத்தார். குழூஉக்குறி அவ்விதிக்குப் புறம்பானது. துண்டு அதற்கு இசைந்தது.

ஆனால் துண்டுக்குள் கைவிட இருவரும் அருகருகே நிற்க வேண்டுமே. கும்மிடிப்பூண்டியில் இருப்பவரும் கடல்கடந்த நாட்டில் இருக்கும் கணிப்பொறியும் எப்படிக் கைகோத்துக்கொள்வது? இதற்கு 1976இல் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் விடை வெளியிட்டார்கள். முன்பின் அறியாத இருவர், உலகமே கேட்கும்படி சில எண்களைப் பரிமாறிக்கொண்டு, கேட்டவர் எவராலும் கணிக்க இயலாத ஒரு பொதுத் திறவுகோலைத் தமக்குள் உண்டாக்கிக்கொள்ள முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். நடுச்சந்தையில் நின்றுகொண்டே ஒரு துண்டை நெய்துகொள்வதற்கு ஒப்பானது இது. இணையதள முகவரியின் முன்னால் பூட்டுச் சின்னமாக நாம் கண்ட பாதுகாப்பு, இவ்வகை முறைகளின் மேல் கட்டப்பட்டதே.

திறந்த கதவுகளின் காலம்

வைஃபைக்கான தரவரையறை 1997இல் வெளிவந்தது. கம்பிக்கு இணையான அந்தரங்கம் என்று பொருள்படும் டபிள்யூ.இ.பி. என்னும் பூட்டு அதனுடன் வந்தது. பெயர் பெரிது, பூட்டு எளிது. 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் அதன் கட்டமைப்பிலேயே பிழை இருப்பதை எழுதிக் காட்டினார்கள். 2007இல் அதை ஒரு நிமிடத்துக்குள் உடைக்கும் வழியை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதே 2007 ஜனவரியில்தான் டிஜேஎக்ஸ் என்னும் அமெரிக்க வணிக நிறுவனத்தின் பெருங்களவு வெளியே வந்தது. ஒரு கடையின் வலுவற்ற வைஃபை வழியே நுழைந்தவர்கள் 4.5 கோடிக்கும் மேற்பட்ட கடனட்டைகள், பற்றட்டைகளின் எண்களைக் கொண்டுபோயிருந்தார்கள். 2003இலும் 2004இலும் டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.ஏ.2 என்னும் திருந்திய பூட்டுகள் வந்துவிட்டிருந்தும் பலர் மாறாததன் விலை அது.

இந்தியாவில் 2008ஆம் ஆண்டு வேறொரு முகத்தைக் காட்டியது. அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடங்கள் முன்னதாக ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தடம் பிடித்துச் சென்ற காவல்துறை, நவி மும்பையில் வாழ்ந்த ஓர் அயல்நாட்டவரின் வீட்டில் போய் நின்றது. அவருடைய வைஃபை பூட்டின்றித் திறந்து கிடந்தது. யாரோ வெளியிலிருந்து அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். அடுத்த மாதம் மும்பைக் கல்லூரி ஒன்றின் வலையிலிருந்தும், செப்டம்பரில் டெல்லிக் குண்டுவெடிப்பின்போது செம்பூரில் இருந்த ஒரு சிறு நிறுவனத்தின் வலையிலிருந்தும் அத்தகைய மின்னஞ்சல்கள் போயின. அந்த வீட்டுக்காரரும் கல்லூரியும் நிறுவனமும் குற்றம் எதுவும் செய்யவில்லை. கதவைத் திறந்து வைத்திருந்தது ஒன்றே விசாரணைக்கு ஆளாகப் போதுமானதாக இருந்தது.

இதன் விளைவாக 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. பொது இடத்து வைஃபையைப் பயன்படுத்துவோர் இன்னார் என்று பதிவாக வேண்டும் என்பது அதன் சாரம். இன்று ரயில் நிலையத்தில் இணைப்புப் பெறும்போது கைபேசி எண்ணைக் கொடுத்து, ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பெற்று உள்ளே போகிறோமே, அந்த வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் ரெயில்டெல் நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கிய நிலைய வைஃபை, 2018 ஜூனுக்குள் 400 நிலையங்களை எட்டியது. கூகுள் 2020இல் விலகுவதாக அறிவித்த பிறகும் ரெயில்டெல் அதைத் தொடர்ந்தது. 2021க்குள் 6,000 நிலையங்களைக் கடந்தது. சிறு கடைக்காரரும் பொது வைஃபை வழங்கலாம் என்னும் திட்டத்துக்கு 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல் கேட்கும் வலை பாதுகாப்பான வலை என்று பலர் நம்புகிறார்கள். அக்கடவுச்சொல், பயனர் யார் என்பதை வலைக்குச் சொல்கிறது. வலை யாருடையது என்பதை அது பயனருக்குச் சொல்வதில்லை. நிலையத்தின் பெயரையே தன் கருவிக்குச் சூட்டிக்கொண்டு அதே போன்ற நுழைவுப் பக்கத்தையும் காட்டுகிற ஒருவன் அடுத்த இருக்கையில் உட்கார்ந்திருந்தால், நம் கைபேசி எண்ணும் அவனிடம்தான் போகும். எம்டனின் நான்காவது புகைபோக்கி இதுவேதான். வைஃபையின் பெயர் கித்தான் துணியில் செய்த அடையாளம். யார் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். தேநீர் விடுதியின் சுவரில் எழுதிவைத்த கடவுச்சொல்லும் இவ்வாறே. சுவரைப் பார்த்த அனைவருக்கும் தெரிந்த திறவுகோல், டபிள்யூ.பி.ஏ.2 வலையில் ஒட்டுக்கேட்பவனுக்கும் உதவக்கூடியது.

எது மாறியது, எது மாறவில்லை

2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்னும் நிரலாளர் ஃபயர்ஷீப் என்றொரு சிறு கருவியை வெளியிட்டார். திறந்த வைஃபையில் அருகிலிருப்பவரின் சமூக வலைத்தளக் கணக்குக்குள் இரண்டு சொடுக்கில் நுழைந்துவிட அது வழிசெய்தது. நுழைவுச் சொல்லை மட்டும் மறைத்து அனுப்பிவிட்டு, மற்றவற்றை வெளிப்படையாக அனுப்பிய தளங்களின் அலட்சியத்தை அம்பலப்படுத்துவதே அவர் நோக்கம். மாஸ்கலைன் 1903இல் செய்ததன் மறுபதிப்பு என்று இதைச் சொல்லலாம். பலன் இருந்தது. பெருந்தளங்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் முழுப் பரிமாற்றத்தையும் மறையீடு செய்யத் தொடங்கின. 2015இன் இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு இலவசச் சான்றிதழ்களை எல்லோருக்கும் வழங்க முன்வந்தது. 2018 முதல் குரோம் உலாவி மறையீடற்ற தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று குறிக்கலாயிற்று.

ஆகவே, பொது வைஃபையில் அமர்ந்தாலே அருகிலிருப்பவர் நம் வங்கிக் கடவுச்சொல்லைப் படித்துவிடுவார் என்னும் பழைய எச்சரிக்கை இன்று பெரும்பாலும் பொருந்தாது. துண்டு இப்போது ஒவ்வொரு தளத்துடனும் தானே வருகிறது. மாறாமல் நிற்கும் ஆபத்துகள் வேறு.

முதலாவது, வேடம். 2014 நவம்பரில் காஸ்பர்ஸ்கி ஆய்வகம், டார்க்ஹோட்டல் என்று பெயரிட்ட ஒரு தாக்குதலைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஆசியாவின் உயர்தர விடுதிகளில் தங்கிய நிறுவன அலுவலர்கள் விடுதி வைஃபையில் நுழையும்போது, நன்கறிந்த மென்பொருள் ஒன்றைப் புதுப்பிக்கும்படி அறிவிப்பு வரும். இசைந்து சொடுக்கினால் உளவு நிரல் கணினிக்குள் இறங்கிவிடும். குறிவைக்கப்பட்டவர்களில் மின்னணு உற்பத்தி, வாகன உற்பத்தி, வேதிப்பொருள் தொழில் சார்ந்தோரும் இருந்தனர். கும்மிடிப்பூண்டி வளாகத்தின் தொழிற்பட்டியலை அறிந்தவர்கள் இதன் பொருளை உணர்வார்கள். மறையீடு இங்கே உதவவில்லை. பயனரே கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டாவது, நம் கணினி நம்மைக் கேளாமலே பேசுவது. முன்பு இணைந்த வலைகளை நினைவில் வைத்துக்கொண்டு, அவற்றின் பெயரைக் கண்டதும் தானாகவே இணைந்துவிடும்படி பெரும்பாலான கணினிகள் அமைந்திருக்கின்றன. பெயரைப் போலி செய்பவனுக்கு இது தானே வந்து கதவைத் தட்டும் விருந்து.

மூன்றாவது, பூட்டுகளில் பிழை காணப்படுவது ஓயாது. 2017 அக்டோபரில் டபிள்யூ.பி.ஏ.2 முறையிலும் ஒரு பிழையை மாத்தி வான்ஹூஃப் என்னும் ஆய்வாளர் வெளியிட்டார். புதுப்பித்த கணினிகள் தப்பின. புதுப்பிக்காதவை வெறும் நம்பிக்கையில் ஓடின. 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 வந்தது.

செய்யத்தக்கவை

வரலாறு இவ்வளவு சொன்னபின், செய்ய வேண்டியவை சுருக்கமானவை. வேலைக்கான கணினியை, இயன்றவரை, சொந்தக் கைபேசியின் இணைப்பைப் பகிர்ந்து இயக்குவதே நன்று. அதற்கு நல்ல கடவுச்சொல் ஒன்று வைத்துவிட்டால், அது யாருடைய வலை என்னும் ஐயமே எழுவதில்லை. தானாக இணையும் வசதியை நிறுத்திவிட்டு, நினைவில் கிடக்கும் பழைய பொது வலைகளை நீக்கிவிட வேண்டும். எம்டன் கடைப்பிடித்த மௌனம் கணினிக்கும் நல்லது.

பொது வலையைத் தவிர்க்க முடியாதபோது, நுழைவுப் பக்கத்தில் கேட்டதைக் கொடுத்து இணைந்த மறுகணமே நிறுவனத்தின் விபிஎன்னை இயக்கிவிட வேண்டும். கணினியிலிருந்து நிறுவனம் வரை ஒரே துண்டாகப் போர்த்துவது அது. நுழைவுப் பக்கத்தில் நிறுவனத்தின் கடவுச்சொல்லைக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மென்பொருள் புதுப்பிப்பு எதையும் அவ்விடத்தில் ஏற்கக் கூடாது. பொது வலை என்று கணினிக்குச் சொல்லிவிட்டால், கோப்புப் பகிர்வை அது தானே மூடிக்கொள்ளும். இலவச விபிஎன் சேவைகளைக் கண்டு மயங்கலாகாது. அவை ஒட்டுக்கேட்கும் உரிமையைத் தேநீர் விடுதிக்காரரிடமிருந்து எடுத்து, முகம் தெரியாத வேறொருவரிடம் கொடுக்கக்கூடியவை.

உலாவி சான்றிதழ் பிழை என்று எச்சரித்தால், அதைத் தாண்டிச் செல்லும் வழியைத் தேடாமல் திரும்பிவிட வேண்டும். நான்காவது புகைபோக்கி கித்தானால் ஆனது என்று கோகோஸ் ஊழியர் கண்டதற்கு ஒப்பான எச்சரிக்கை அது. இரண்டாம் அடையாளச் சரிபார்ப்பை எல்லாக் கணக்குகளிலும் வைத்துக்கொள்வதும், வட்டினை மறையீடு செய்து வைப்பதும் இன்றியமையாதவை. நெரிசல் மிக்க ரயிலில் பையே தொலைந்துபோனாலும், உள்ளிருப்பது பிறர் கைக்குப் போகாமல் காப்பது வட்டின் மறையீடுதான்.

கடைசியாக, ஐயம் தோன்றியவுடன் அறிவிப்பது. கோகோஸ் ஊழியர்கள் துப்பாக்கி ஏந்தவில்லை. காலத்தில் ஒரு செய்தியை அனுப்பினார்கள், அவ்வளவே. இந்திய அரசின் கணினி அவசர உதவி அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணையின்படி, குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இரவு ரயிலில் தவறான சொடுக்கு ஒன்றைச் செய்துவிட்ட இளநிலை அலுவலர், மறுநாள் காலை சொல்லிக்கொள்ளலாம் என்று அஞ்சி வீட்டுக்குப் போனால், அந்த 6 மணி நேரமும் அவருடன் போய்விடும்.

அவர் ஏன் அஞ்சுகிறார் என்பதுதான் நம்மைப் பொறுத்தவரை முதன்மையான கேள்வி. 2008இல் திறந்த வலையின் உரிமையாளர்கள் விசாரணைக்கு ஆளானதைக் கண்டோம். தொழிற்சாலைகளிலும் பழி கீழ்நோக்கியே இறங்குகிறது. விபிஎன் வாங்கித் தராத, கணினியைப் புதுப்பிக்க ஆள் வைக்காத, பயிற்சி எதுவும் அளிக்காத நிறுவனம், இரவு பத்து மணிக்கு ஒப்பந்தப்புள்ளியை அனுப்பச் சொல்லி அவசரப்படுத்தும். அனுப்பக் கிடைத்த வலையில் அவர் அனுப்புவார். கசிவு வெளிப்பட்டால் விளக்கம் கேட்டு அவருக்கே ஓலை வரும். இப்படிப்பட்ட இடத்தில் எவரும் உண்மையை உரிய நேரத்தில் சொல்ல மாட்டார்கள். சொல்லாத நேரமெல்லாம் உள்ளே புகுந்தவனுக்கு ஆதாயம்.

மேற்சொன்ன கடமைகளில் பாதி ஊழியருடையவை, பாதி நிறுவனத்தினுடையவை. கணினியுடன் இணைப்புக்கான செலவையும் பாதுகாப்புக்கான மென்பொருளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். தவற்றைத் தாமே முன்வந்து சொன்னவரைத் தண்டிப்பதில்லை என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். சந்தைக்குப் போகிற தரகனிடம் துண்டைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டு, விலை ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டதே என்று அவனைக் கடிந்துகொள்வது நியாயமாகாது.